கன்னிமார் மேடையும் காணாமல் போன தண்ணீரும்

பொங்கல் விடுப்பு முடிந்து முத்துப்பிரியா தோட்டத்துக்குத் திரும்பிய அன்று, குளத்துக் கரைக்குக் கீழே கசிவுத் தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது. அதைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு மட்டும் இல்லை.

"என்ன பிரியா, மொகம் இப்பிடிப் போகுது?" என்றார் மகாராஜன். தோட்டத்து சூப்பர்வைசர். தலையில் மப்ளர், கையில் குடை, மழை இல்லாவிட்டாலும் குடை. "ஒழுக்கு கொறஞ்சா நல்லதுதான? நேத்தே மொதலாளிகிட்டச் சொல்லிட்டேன். இனி கரைய ஒசத்திறலாம்னு அவருக்கு ஒரே குஷி."

"குளத்துத் தண்ணி கொறைஞ்சிருக்கா அண்ணே?"

"அது எப்பிடிக் கொறையும்? தளும்பத் தளும்ப நிக்குது பாரு."

அதுதான் அவளுடைய பயம். குளம் நிறைந்திருக்கிறது, கசிவு மட்டும் குறைந்திருக்கிறது. அப்படியானால் மிச்சத் தண்ணீர் எங்கே போனது?

போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கம் சரியும் மலையில் இருக்கிறது அந்த ஏலத்தோட்டம். முதலாளிக்கு வீடு போடியில். அவருடைய அப்பா காலத்தில் ஓர் ஓடையை மறித்து மண்ணைக் கொட்டி, மிதித்து, உயரமாக ஒரு கரை எழுப்பினார்கள். கோடையில் ஏலச்செடிக்கு உயிர்த்தண்ணீர் அந்தக் குளம்தான். கரைக்குக் கீழே ஒரு நாவல் மரம், மரத்தடியில் ஏழு கன்னிமார், அதற்கும் கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம். வரிசையாகத் தகரம் வேய்ந்த வீடுகள். குளம் ஒரு நாள் உடைந்தால் தண்ணீர் போகும் பாதையில் லயத்தைக் கட்டியிருக்கிறார்களே என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், மகாராஜன் சிரிப்பார். சமதளம் அங்கேதான் இருந்ததாம். மலையில் எல்லாத் தப்புக்கும் இந்த ஒரு பதில் போதும்.

மண் அணை கசியத்தான் செய்யும். கசியாத மண் அணை என்று யாராவது சொன்னால் அந்த ஆள் காண்டிராக்டராகத்தான் இருப்பார். எவ்வளவு கசிகிறது, எந்த வழியாகக் கசிகிறது, தண்ணீரோடு மண்ணும் சேர்ந்து வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் கரைக்குள்ளே கசிவதைவிட, கரைக்கு அடியில், அஸ்திவாரத்து வழியாகக் கசிவது பொல்லாதது. கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கரைக்கு அடியில் பழைய ஓடையின் மணல் அப்படியே கிடக்கிறது. அந்தக் காலத்தில் அதை வழித்தெடுக்காமல் மேலேயே மண்ணைக் கொட்டிவிட்டார்கள். கரையை உயர்த்தலாமா என்று முதலாளி கேட்டதும், மதுரையில் இருக்கும் மண் பரிசோதனைக் கம்பெனி ஒன்று, ஒரு வருஷம் கசிவை அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றது. அளக்கும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் முத்துப்பிரியா வந்தாள்.

அவள் போடிக்காரி. அம்மா ஏலக்காய் எடுக்கவும் அப்பா மலைச்சாமி கொத்து வேலைக்கும் இதே மலைக்குத்தான் இருட்டோடு ஜீப் ஏறினார்கள். தேனியில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் நாலைந்து வருஷம் ஜவுளிக்கடையில் சேலை மடித்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் "டிப்ளமா" என்று சொல்லும்போது மலைச்சாமியின் குரல் இறங்கிப்போகும். வேலை என்று ஒன்று வந்ததும் அதே குரல் தெருவுக்கே கேட்டது. அது என்ன வேலை என்று கேட்டவர்களிடம், "அணைக்கு நாடி பாக்குறா" என்று ஒரு போடு போட்டார். என்ன நாடி, எதற்கு நாடி என்று மகளிடம் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. சர்க்கார் வேலை மாதிரி ஏதோ ஒன்று, அவருக்கு அது போதும்.

லயத்துப் பெண்கள் அவளைக் கேலி செய்வார்கள். ஊறுகாய் பாட்டிலில் கசிவுத் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். அடியில் மண் படிகிறதா என்று பார்க்கத்தான். "என்னாத்தா, தண்ணிக்குள்ள மாப்ள தெரியிறானா?" என்பாள் வேலுத்தாய். லயத்தின் மேல்கோடியில், கரைக்கு மிக அருகில் இருக்கும் வீடு அவளுடையது. கைக்குழந்தைக்காரி, வாய் கொஞ்சம் நீளம். முத்துப்பிரியாவுக்குக் கேலி பிடிக்காது, ஆனால் வேலுத்தாய் கேலி செய்துவிட்டுக் கொடுக்கும் பால் விடாத கட்டங்காப்பி பிடிக்கும்.

அன்று காலையில் பாட்டிலில் பிடித்த தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. மகாராஜன் அதையும் காட்டிச் சிரித்தார்.

"பாரு, மண்ணே இல்ல. வாயில ஊத்திக்கலாம். நீ போய்க் காப்பியக் குடி."

அவள் கரையோரம் நட்டிருக்கும் குழாய்களைப் பார்க்கப் போனாள். நிலத்துக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தோடு நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, கரை மேட்டிலும் சரிவிலும் அடியிலும் பிளாஸ்டிக் குழாய்களை ஆழமாக இறக்கியிருந்தார்கள். நாடாவை உள்ளே விட்டால் தண்ணீர் எந்த ஆழத்தில் தட்டுகிறது என்று தெரியும். மேட்டுக் குழாயில் எப்போதும்போல இருந்தது. அடியில் இருந்த குழாய்க்கு நாடாவே தேவைப்படவில்லை. அதன் வாய் முழங்கால் உயரத்தில் இருந்தது. அந்த வாய் வழியாகத் தண்ணீர் வழிந்து, குழாயின் உடம்பெல்லாம் நனைந்து, சுற்றிலும் புல் சாய்ந்து கிடந்தது.

நிலத்துக்கு அடியில் கிடக்க வேண்டிய தண்ணீர் நிலத்துக்கு மேலே ஏறி நிற்கிறது. எங்கேயோ வாசலை அடைத்துவிட்டார்கள். உள்ளே நெருக்கிக்கொண்டு நிற்கிறது, எந்த நிமிஷமும் வேறு வாசலை உடைத்துக்கொண்டு வரும்.

அவள் திரும்பி நாவல் மரத்தைப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள். கன்னிமார் மேடை புதிதாக இருந்தது.

முன்பெல்லாம் அங்கே ஏழு கற்கள் சேற்றில் நிற்கும். கல்லுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். கசிவில் பெரும்பங்கு வெளியேறும் இடம் அதுதான். கன்னிமார் குளிக்கிறார்கள் என்று பெண்கள் சொல்வார்கள். இப்போது கற்களைச் சுற்றி அகலமாக, கனமாக, சிவப்புப் பூச்சுத் தரை. வழுவழுவென்று கண்ணாடியாகத் தேய்த்திருந்தது. ஈரப்பொட்டு ஒன்று இல்லை. பொங்கல் வைத்த அடுப்புக் கரி மட்டும் மூலையில் கிடந்தது. தரையின் ஓரத்தில், சிமெண்டு காயும் முன் ஆணியால் கீறிய எழுத்து.

உபயம்: மலைச்சாமி, போடி. மகள் முத்துப்பிரியாவுக்கு வேலை கிடைத்த நேர்த்தி.

அவள் அதை ஒருமுறை படித்தாள். மறுபடியும் படிக்க மனம் வரவில்லை. காலையில் ஜீப்பில் வரும்போது அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சுவர் பூச வேண்டும் என்று இறங்கிப் போகும்போது, "கன்னிமார் பக்கம் போனா ஒரு எட்டுப் பாரு ஆத்தா" என்றார். நேர்த்தியை முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது அவர் வழக்கம். பொங்கலுக்கு முன்னால், அவள் விடுப்பில் இருந்த நாட்களில், ஸ்டோர் வேலை, ஸ்டோர் வேலை என்று ஓடியதெல்லாம் இதற்குத்தான்.

அவளுடைய வேலையே இந்தக் கசிவை அளப்பது. அந்த வேலை கிடைத்ததற்கு நன்றியாக, அந்தக் கசிவையே அப்பா பூசி அடைத்துவிட்டார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் நின்றாள். நிற்க நேரமில்லை என்பதும் தெரிந்தது.

சிக்னல் நன்றாகக் கிடைக்கும் பாறை மேல் ஏறி மதுரைக்குப் போன் போட்டாள். இன்ஜினியர் பால்ராஜ் பாதியிலேயே புரிந்துகொண்டார்.

"பொண்ணே, குளத்துத் தண்ணியத் தொறந்து விடச் சொல்லு. கீழ இருக்கிற ஜனத்த மொதல்ல கெளப்பு. அடைச்ச எடத்த ஒடைக்கணும், ஆனா ஒடைச்ச கையோட மணலும் ஜல்லியும் போட்டு அமுக்கணும். வேற எங்கயாவது பொங்குதான்னு தேடு. பொங்குற எடத்துல களிமண்ண மட்டும் யாரும் அப்பிறக் கூடாது. நான் கெளம்பிட்டேன்."

மதுரையிலிருந்து அவர் வந்து சேர மத்தியானம் தாண்டும்.

மகாராஜன் கேட்டதும் குடையைத் தரையில் ஊன்றினார். "தண்ணியத் தொறக்கவா? வெளையாடுறியா? இத விட்டா மாசி பங்குனிக்கு என்னத்த ஊத்துவ? செடி பூராம் கருகிப்போகும். செடி கருகுனா இந்த லயத்துல ஒருத்தருக்கும் சோலி இருக்காது. தண்ணி தெளிஞ்சு வருதுன்னு நீயே பாட்டில்ல புடிச்சுப் பாத்த. மொதலாளி போன எடுக்கட்டும், கேட்டுச் சொல்றேன்."

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். அதுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. அந்த நியாயத்தோடு மல்லுக்கட்ட அவளிடம் ஒரு குழாயும் ஒரு பயமும் மட்டுமே இருந்தன. பயத்தைக் கண்ணால் காட்ட வேண்டும்.

லயத்துக்கு ஓடினாள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, "ஒங்க வீட்டுல எங்கயாச்சும் ஈரம் ஊறுதா?" என்று கேட்டாள். காய் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "மனசுல ஊறுது, வந்து அளந்துக்க" என்றாள். முத்துப்பிரியாவுக்குக் காது சூடாகியது. ஆனாலும் அடுத்த கதவைத் தட்டினாள், அதற்கு அடுத்ததையும் தட்டினாள். கடைசியில் மேல்கோடி வீடு.

"ஈரமா?" என்றாள் வேலுத்தாய். அடுப்படியில் உத்திரத்திலிருந்து சேலைத் தொட்டில் தொங்கியது. அடுப்புச் சூடு இதமாக இருக்கும் என்று குழந்தையை அங்கேதான் போடுவாள். "பொங்கல்லருந்து இந்தா இங்கன ஊறுது. கன்னிமாரு நம்ம வீட்டுக்கும் வந்துட்டாகன்னு குங்குமம் வச்சேன். நேத்து ரொம்பக் குதிச்சுச்சு. களிமண்ண ஒரு உருண்ட அப்பி அம்மியத் தூக்கி மேல வச்சுட்டேன். இப்பச் சமத்தா இருக்கு."

"அம்மிய எடுக்கா."

"எதுக்கு?"

"எடுக்கா."

அந்தக் குரல் வேலுத்தாய்க்குப் புதிது. கேலியை விட்டுவிட்டு அம்மியைப் புரட்டினாள். களிமண் ஓரமெல்லாம் கரைந்து போயிருந்தது. நடுவில் பானை வாய் அளவுக்குத் தண்ணீர் கொதிப்பது போல மேலே மேலே குமிழியிட்டது. சூடு இல்லை, சில்லென்ற தண்ணீர். ஒவ்வொரு குமிழியோடும் சாம்பல் நிறத்தில் நைசான மணல் எழும்பி, வெளியே விழுந்து, எறும்புப் புற்றுப் போல வட்டமாகக் குவிந்திருந்தது. முத்துப்பிரியா ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தாள். ஓடை மணல். கரைக்கு அடியில் இருந்து வருகிறது. பாட்டிலில் காணாத மண் இங்கே இருக்கிறது. அம்மியைத் தூக்கியதும் தண்ணீர் இன்னும் வேகமெடுத்தது.

"அக்கா, பிள்ளையத் தூக்கு. தொட்டில அப்பறம் அவுக்கலாம். வெளிய போ."

"ஒல வச்சிருக்கேன்..."

"ஒல கெடக்கட்டும்கா. கரைக்கு அடியில மண்ணு கரைஞ்சு ஒன் வீட்டுக்கு வருது. உள்ள பொந்து விழுந்துக்கிட்டு இருக்கு. பொந்து குளத்தத் தொட்டுச்சுன்னா நம்ம யாருமே இருக்க மாட்டோம்."

வேலுத்தாய் குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் போட்ட சத்தத்தில் லயம் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. வாய் நீளம் என்பது சில நேரம் எவ்வளவு பெரிய உபகாரம். குழந்தைகளை இடுப்பிலும் பானைகளைத் தலையிலும் வைத்துக்கொண்டு பெண்கள் ஸ்டோர் இருக்கும் மேட்டுக்கு நடக்கத் தொடங்கினார்கள்.

மகாராஜன் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். குமிழியையும் மணல் வட்டத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனைப் பையில் போட்டார்.

"மதகத் தொறக்குறேன்" என்றார். "மொதலாளி கேட்டா எம்பேரச் சொல்லு."

குடையை அங்கேயே போட்டுவிட்டு அவர் ஓடினார். அந்த மனிதர் ஓடி அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. மதகு கரையின் மறுகோடியில், வேறு பள்ளத்துக்குத் திறப்பது. வால்வுச் சக்கரம் துருப்பிடித்துப் போயிருந்தது. அவரும் இரண்டு ஆட்களும் தொங்கி, மண்ணெண்ணெய் ஊற்றி, தடியைக் கொடுத்து நெம்பினார்கள். வெகு நேரம் கழித்துத்தான் அது முனகிக்கொண்டு அசைந்தது.

சாதிக் பாட்சா இரண்டாவது நடை வந்து அப்போதுதான் தன் ஜீப்பை ஸ்டோர் வாசலில் நிறுத்தியிருந்தார். போடியிலிருந்து ஆட்களை ஏற்றி வருகிறவர். மலைச்சாமியும் முத்துப்பிரியாவும் அவருடைய ஜீப்பில்தான் தினமும் வருவார்கள். அவள் மூச்சிரைக்கச் சொன்னதை அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார்.

"மணலும் சின்ன ஜல்லியும் வேணும் சாதிக்கண்ணே. நெறைய."

"வளைவுல ஒரு வீடு கட்டுறாக. எம் சாண்ட் லோடு எறங்கிக் கெடக்கு, ஜல்லியும் கெடக்கு."

"கேட்டா குடுப்பாகளா?"

"கேட்டாத்தான தங்கச்சி" என்று சொல்லி ஜீப்பைத் திருப்பினார். ஏலக்காய் மூட்டை போடும் காலிச் சாக்குகளை இளவட்டங்கள் அள்ளிக்கொண்டு பின்னால் தொற்றினார்கள்.

இனி மேடையை உடைக்க வேண்டும். மதகு திறந்தாலும் குளம் இறங்கச் சாயங்காலம் ஆகும். அதுவரை அழுத்தம் வேலுத்தாயின் அடுப்படியையே முட்டிக்கொண்டிருக்கும். பழைய வாசலைத் திறந்துவிட்டால்தான் அடங்கும். முத்துப்பிரியா கடப்பாரையோடு நாவல் மரத்தடிக்கு வந்தபோது, மேட்டுக்குப் போன பெண்களில் பாதிப்பேர் திரும்பி வந்து மேடையைச் சுற்றி நின்றார்கள்.

"பொங்க வச்ச சூடு ஆறல. கன்னிமாரு மேல கடப்பாரையப் போடுவியா?" என்றாள் ஒருத்தி. "கொளம் ஒடஞ்சா ஒடையட்டும், சாமி குத்தம் நமக்கு வேணாம்" என்றாள் இன்னொருத்தி. சற்று முன்னால் உயிருக்குப் பயந்து பானையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள்தான் அவள். ஜனங்கள் இப்படித்தான், ஒரே நிமிஷத்தில் இரண்டு பயம் வந்தால் பழகிய பயத்தின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

முத்துப்பிரியா கடப்பாரையை ஓங்கவில்லை. சாமியை நினைத்து நிற்கவில்லை. ஆணியால் கீறிய அந்த எழுத்து காலடியில் கிடந்தது. அப்பாவின் எழுத்து. பள்ளிக்கூடம் போகாதவர், யாரிடமோ எழுதி வாங்கி, அதைப் பார்த்துப் பார்த்துக் கீறியிருக்கிறார். அவளுடைய பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போய், பிறகு இடுக்கில் செருகியிருந்தது.

"ஏத்தா."

மலைச்சாமி மரத்தடியில் நின்றார். ஸ்டோரிலிருந்து ஓடி வந்ததில் முழங்கை வரை சிமெண்டு, கையில் பூச்சைத் தேய்க்கும் மணியாஸ் கட்டை அப்படியே இருந்தது. யாரோ போகிற போக்கில் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்.

"என்னமோ ஏம் பூச்சாலதான் வந்துச்சுங்கிறாக?"

அவள் வழிந்துகொண்டிருக்கும் குழாயைக் காட்டினாள்.

"ஒழுகுனா நிறுத்தணும். அதத்தான ஆத்தா எனக்குத் தெரியும்?" என்றார். குரல் அந்தப் பழைய டிப்ளமாக் குரலாக இறங்கியிருந்தது. "கடைசிக் கரண்டி வழிச்சு முடிக்கவும் தண்ணி நின்னுபோச்சு. கன்னிமாரு நேர்த்திய ஏத்துக்கிட்டாகன்னு நெனச்சேன். அங்கனயே விழுந்து கும்பிட்டேன்."

"அப்பா. தண்ணி போகணும். போறதுக்கு வழி விடணும். அதோட மண்ணு போகாமத்தான் பாக்கணும். என் வேலையே அதுதாம்ப்பா."

மலைச்சாமி மேடையைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். மணியாஸ் கட்டையைக் கீழே வைத்துவிட்டு மகள் கையிலிருந்த கடப்பாரையை வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, ஏழு கற்களுக்கு முன்னால் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இது என் நேர்த்தி" என்றார் பெண்களிடம். "குத்தம்னா அது எனக்கு. தள்ளுங்க ஆத்தா."

அவர் கையால் அவர் போட்ட தரை. எங்கே கனம், எங்கே மெலிவு என்று அவருக்குத்தான் தெரியும். கற்களுக்கு ஓர் அடி தள்ளி, ஓரத்தில், முதல் குத்து இறங்கியது. எழுத்து இருந்த பக்கத்தில்தான் இறங்கியது. நாலாவது ஐந்தாவது குத்தில் தரை தானாகவே ஒரு விரற்கடை மேலே எழும்பி வெடித்தது. கீழே நின்ற தண்ணீர் அதைத் தூக்கியது. சேறாக, கலங்கலாக, காலை நனைத்துக்கொண்டு பீறிட்டு வந்தது. பெண்கள் பின்வாங்கினார்கள். அடுத்த கணம் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள், மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். கன்னிமார் மறுபடியும் குளிக்க ஆரம்பித்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எப்படியோ அதன் பிறகு யாரும் தடுக்கவில்லை.

"மணலக் கொண்டா, வெரசா!" என்று முத்துப்பிரியா கத்தினாள். சாதிக் பாட்சாவின் ஜீப் வந்திருந்தது. அடியில் மணல், அதற்கு மேல் பொடி ஜல்லி, அதற்கு மேல் பெரிய ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேல் கனமான கல். மணல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஜல்லி மணலைப் பிடித்துக்கொள்ளும், கல் எல்லாவற்றையும் அமுக்கும், தண்ணீர் மட்டும் நழுவிப் போகும். சாக்குச் சாக்காகக் கைமாறியது. சற்று முன் சாமி குத்தம் பேசியவளும் வரிசையில் நின்று சாக்கு வாங்கினாள்.

வேலுத்தாயின் அடுப்படியில் முதல் நாலு சாக்கு மணலை அந்தக் குமிழி விழுங்கித் துப்பியது. வேகம் அப்படி இருந்தது. முத்துப்பிரியா முதலில் ஜல்லியைப் போட்டு வேகத்தை உடைத்து, பிறகு மணலை அடுக்கச் சொன்னாள். மேலே வைக்கக் கல் போதவில்லை. மலைச்சாமி மேடையில் பெயர்ந்த சிமெண்டுப் பாளங்களைத் தோளில் தூக்கி வந்து ஒவ்வொன்றாகப் பரப்பினார். அவளுடைய பெயர் பாதியாக உடைந்த பாளமும் அதில் ஒன்று. எந்தப் பக்கம் மேலே வைப்பது என்று ஒரு கணம் தயங்கி, எழுத்து தெரியாதபடி கவிழ்த்து வைத்தார்.

பிறகு காத்திருப்பதைத் தவிர ஒன்றும் இல்லை. கூரைக்குக் கீழே யாரும் நிற்க வேண்டாம் என்று எல்லோரையும் வெளியே அனுப்பினாள். மதகின் பக்கம் தண்ணீர் விழும் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சல் அத்தனையும் கோடைக்கு வைத்திருந்த தண்ணீர். அதைக் கேட்டபடி தோட்டத்து ஆட்கள் மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள், சாவு வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதைப் போல. யாரும் அவளைத் திட்டவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேடைக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். பிடித்தாள், கலங்கல். கொட்டினாள். மறுபடியும் பிடித்தாள், கலங்கல். பொழுது உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கிய பிறகு பிடித்த தண்ணீரில், அடியில் ஒரு நூல் அளவுக்குத்தான் மண் படிந்தது. அதற்கு அடுத்ததில் அதுவும் இல்லை. குழாயில் வழிவது நின்று, தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. இன்ஜினியர் பால்ராஜ் வந்து இறங்கி, எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, அவளிடம் ஒரு பாட்டில் குடிதண்ணீரை நீட்டினார். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் குளம் அடியோடு வற்றிய பிறகு வேலுத்தாயின் அடுப்படி உள்ளே போயிற்று. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த பொந்து, தண்ணீர் போனதும் மேலே இருந்ததைத் தாங்க முடியாமல் விட்டுவிட்டது. அடுப்பு, அம்மி, மணல், ஜல்லி, பாளங்கள் எல்லாம் இறங்கி, கிணறு மாதிரி ஒரு பள்ளம். அதன் பக்கவாட்டில், ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு ஒரு வழி, கரையைப் பார்த்து நேராகப் போயிருந்தது. சாதிக் பாட்சா நீள மூங்கில் ஒன்றை அதற்குள் விட்டுப் பார்த்தார். முட்டவில்லை.

பள்ளத்துக்கு நேர் மேலே உத்திரத்தில் சேலைத் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்க்க யாருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை.

வேலுத்தாய் வாசல்படியில் நின்று அந்தத் தொட்டிலைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த குழந்தையை முத்துப்பிரியாவின் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். குழந்தை தூக்கக் கலக்கத்தில் முத்துப்பிரியாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு வாசலை விட்டுப் பின்னால் நகர்ந்தாள். மலைச்சாமி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பாவும் மகளும் ஜீப்பில் மலை இறங்கினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திரும்பத் திரும்ப, மலைச்சாமி வெளியே மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு தோட்டத்தின் தொட்டி, அடுத்த தோட்டத்தின் தடுப்பணை, ரோட்டோரத் தாங்குசுவர் ஒவ்வொன்றும் கடக்கும்போது அவர் தலை அதன் கூடவே திரும்பியது. கீழே போடி தெரிகிற வளைவில் அவர் வாயைத் திறந்தார்.

"ஏத்தா, இந்த மலையில ஒழுகுதுன்னு கூப்புட்ட எடத்துலயெல்லாம் போய் நாந்தான் பூசியிருக்கேன். மணப்பட்டி எஸ்டேட்டுக் குளத்துக்குக் கீழயும் பூசியிருக்கேன். அதுக்குக் கீழயும் வீடு இருக்கு."

சாதிக் பாட்சா ஜீப்பின் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். முத்துப்பிரியா அப்பாவின் சிமெண்டு வெடித்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் இருட்டோடு ஜீப் கிளம்பியபோது மலைச்சாமியின் பையில் கரண்டியும் மணியாஸ் கட்டையும் இல்லை. மடியில் கடப்பாரையை வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் மகள் ஊறுகாய் பாட்டிலோடு ஏறிக்கொண்டாள்.